விழுந்ததற்கு 98, இறங்கியதற்கு 60

கேள்வி இது: "ஒரு திட்டம் வென்றதா தோற்றதா என்பது கணக்குப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம். குறித்த நாள், குறித்த செலவு, குறித்த பலன். இதில் கலாச்சாரத்துக்கு என்ன வேலை?"

நிறையவே வேலை இருக்கிறது. மேம்பாலம், மென்பொருள், குடிநீர்த் திட்டம் என்று எதையும் எடுத்துப் பேசலாம். ஆனால் அங்கெல்லாம் பூசி மெழுக இடம் அதிகம். அதனால் பூசி மெழுகவே முடியாது என்று நாம் நினைக்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: விண்வெளி. ராக்கெட் மேலே போனதா, கடலில் விழுந்ததா என்பதை உலகமே நேரலையில் பார்க்கிறது. வேகம், உயரம், விலகல் எல்லாமே எண்கள். அங்கேயே தீர்ப்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது என்றால் மற்ற இடங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முதலில் இரண்டு மதிப்பெண்கள்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை. சந்திரயான்-2 கொண்டுபோன விக்ரம் லேண்டர், அதாவது தரையிறங்கும் கலம், நிலவின் தென்துருவப் பகுதியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சுமார் 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரி என்று அறிவித்தார்கள். அப்புறம் தொடர்பு அறுந்தது. லேண்டர் தரையில் மோதி நொறுங்கியது. இரண்டு வாரம் கழித்து அப்போதைய இஸ்ரோ தலைவர் கே. சிவன், திட்டம் 98 சதவீதம் வெற்றி என்றார்.

2024 ஜனவரி 20, ஜப்பானில் நள்ளிரவு தாண்டிய நேரம். ஜப்பான் விண்வெளி நிறுவனமான ஜாக்ஸாவின் ஸ்லிம் லேண்டர் நிலவில் இறங்கியது, சிக்னலும் வந்தது. நிலவில் நொறுங்காமல் இறங்கிய 5ஆவது நாடு ஜப்பான். ஆனால் சூரியத் தகடுகள் மின்சாரம் தரவில்லை. அந்த ராத்திரியே நடந்த செய்தியாளர் சந்திப்பில் வந்து உட்கார்ந்தவர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் லேண்டர் உடைந்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்டதற்கு, ஜாக்ஸாவின் விண்வெளி அறிவியல் நிறுவன இயக்குநர் ஹிதோஷி குனினாகா சொன்ன பதில்: நூற்றுக்கு 60, ஒட்டித் தேர்ச்சி.

விழுந்ததற்கு 98. இறங்கியதற்கு 60. 98 வாங்கி வந்த பிள்ளையிடம் மீதி 2 எங்கே என்று கேட்கிற வீடுகள் நம் ஊரில் ஏராளம். ஆனால் அந்த 98ஐப் பற்றி அன்று நாட்டில் பெரும்பாலோர் எதுவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதே விஞ்ஞானிகளை அவமதிப்பது என்ற மனநிலை இருந்தது.

இந்தியன் உணர்ச்சிவசப்படுபவன், ஜப்பான்காரன் கறாரானவன் என்று இதற்கு ஒரு சுலபமான விளக்கம் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. மதிப்பெண் போடுகிறவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டி இருக்கிறது என்பதைப் பொறுத்தே மதிப்பெண் அமைகிறது. யார் முன்னால் வந்து நிற்கவேண்டும், எவர் முகத்தைக் காப்பாற்ற வேண்டும், எதைச் சொன்னால் மரியாதை போகும் என்பதையெல்லாம் சமூகம் ஏற்கெனவே பழக்கிவைத்திருக்கிறது. கலாச்சாரம் உள்ளே நுழையும் வாசல் அதுதான்.

சிவனின் 98க்கு ஒரு கணக்கு இருந்தது. சந்திரயான்-2 என்பது லேண்டர் மட்டும் அல்ல. நிலவைச் சுற்றும் ஆர்பிட்டரும் உண்டு, அதில் 8 கருவிகள் உண்டு. ஓராண்டு வேலை செய்தால் போதும் என்று அனுப்பியது, எரிபொருள் மிச்சமானதால் ஏழாண்டு வரை ஓடும் என்று சொல்லப்பட்டது. அறிவியல் பலனில் பெரும்பங்கு ஆர்பிட்டரிடம் இருந்தது உண்மை. ஆனால் மக்கள் விடியவிடிய விழித்திருந்தது ஆர்பிட்டருக்காக அல்ல. லேண்டர் இறங்குவதைத்தான் திட்டத்தின் உயிர்நாடி என்று பல மாதங்களாகச் சொல்லி வந்தார்கள். அது போனபிறகு, போகாத பகுதியைக் கொண்டு சதவீதம் போட்டால் கேட்பவருக்கு உறுத்தாதா? விஞ்ஞானிகள் வட்டாரத்திலேயே முணுமுணுப்பு எழுந்தது.

ஆனால் அந்தக் காலையை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. பெங்களூரு கட்டுப்பாட்டு மையத்தில் சிவன் கண்கலங்க, பிரதமர் அவரைக் கட்டிப்பிடித்துத் தட்டிக்கொடுத்த காட்சி. நாகர்கோவில் பக்கத்து விவசாயி மகன் என்பதால் தமிழ்நாட்டில் அது இன்னும் நெருக்கமாகப் பட்டது. அந்தக் காட்சியில் திட்டத் தலைவர் ஓர் அதிகாரி என்பதைத் தாண்டி வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார். பிள்ளை விழுந்தால் முதலில் தூக்குவோம், எப்படி விழுந்தாய் என்று அப்புறம் கேட்போம். கேள்வி பிறகாவது வந்தால் இதில் தவறொன்றும் இல்லை. இந்தப் பாசத்தில் உள்ள சிக்கல், அந்த "அப்புறம்" பல நேரம் வராமலே போய்விடுவது.

இதற்கு ஒரு சின்னச் சம்பவம். விக்ரம் எங்கே விழுந்தது என்று பொதுவெளியில் படம் எதுவும் வராத நேரத்தில், சென்னையில் வேலை பார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் எடுத்து எல்லோருக்குமாக வெளியிட்டிருந்த படங்களைப் பதிவிறக்கி, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஓர் இடத்தில் முன்பு இல்லாத ஒரு புள்ளி தெரிந்தது. நாசாவுக்கு எழுதினார். அவர்கள் சரிபார்த்து, 2019 டிசம்பர் தொடக்கத்தில் அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள். இஸ்ரோ தலைவரின் பதில் என்ன தெரியுமா? எங்கள் ஆர்பிட்டர் அதை முன்பே கண்டுபிடித்துவிட்டது, செப்டம்பரிலேயே எங்கள் இணையதளத்தில் சொல்லிவிட்டோம் என்றார். சொன்னது உண்மைதான், லேண்டர் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்று செப்டம்பரில் இஸ்ரோ சொல்லியிருந்தது. படத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. நாசாவோ உடைந்த துண்டுகள் சிதறிக் கிடந்த இடங்களை அம்புக்குறி போட்டுக் காட்டியது. நொறுங்கியது நாசாவின் கலம் அல்ல, அதனால் காட்டுவது அவர்களுக்குச் சுலபம் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும், நம் லேண்டர் சிதறிக் கிடப்பதை நம்மூர்க்காரர் ஒருவர் அடுத்தவர் படத்தில் தேடிப் பார்க்கவேண்டி வந்தது என்பது நம் பழக்கத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது.

என்ன கோளாறு என்பதை அரசு முதலில் சொன்னது நவம்பரில், நாடாளுமன்றத்தில், எழுத்துமூலப் பதிலாக. 30 கிலோமீட்டரிலிருந்து 7.4 கிலோமீட்டர் வரை இறங்கும்போது வேகம் வினாடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகக் குறைந்தது, அதுவரை சரி. அடுத்த கட்டத்தில் வேகம் திட்டமிட்டதைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது, அதனால் குறித்த இடத்துக்கு 500 மீட்டருக்குள் மோதி விழுந்தது என்றார்கள். முழு விவரம் பொதுமக்கள் காதுக்கு வர 2023 ஆனது. அப்போதைய தலைவர் சோமநாத் வெளிப்படையாகவே விளக்கினார்: ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்தன, அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போனது, கலம் வேகமாகத் திரும்பவேண்டி வந்தபோது திரும்பும் வேகத்துக்கு வைத்திருந்த வரம்பு தடுத்தது, இறங்கவேண்டிய இடமோ 500க்கு 500 மீட்டர் என்று மிகச் சிறியது. எதெல்லாம் தவறக்கூடும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தப்பும் வழி வைத்துத்தான் அடுத்த லேண்டரைக் கட்டினோம் என்றார். நடு எஞ்சினை எடுத்துவிட்டார்கள். கால்களை வலுவாக்கினார்கள். இறங்கும் பரப்பை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது. அப்படியானால் 98 என்று வெளியே சொன்ன அதே நிறுவனம் உள்ளே அப்படி நினைக்கவே இல்லை. வெளியே சொல்லும் மதிப்பெண் வேறு, உள்ளே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் வேறு. நம்மிடம் இந்த இரண்டுக்கும் இடைவெளி அதிகம்.

இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு 1979 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்எல்வி-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்டத்தை நடத்தியவர் அப்துல் கலாம். செய்தியாளர்கள் முன்னால் போய் நின்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். என் ஆட்கள் அடுத்த ஆண்டு சாதிப்பார்கள் என்று பொறுப்பைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். 1980 ஜூலை 18, ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. அன்று செய்தியாளர்களை நீ பார் என்று கலாமை அனுப்பினார். கலாம் இதை ஊர் ஊராகப் போய் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார், கேட்டவர்கள் பலர் இருப்பீர்கள். இந்தக் கதை நம்மை இவ்வளவு தொடுவதற்குக் காரணம், அது குடும்பத்தில் மூத்தவர் எப்படி இருக்கவேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ அப்படியே இருப்பதுதான். பழி பெரியவருக்கு, பெருமை சின்னவர்களுக்கு.

உன்னதமான பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பெரியவர் பார்த்துக்கொள்வார் என்றால், சின்னவர் வாய் திறக்கவேண்டிய அவசியம் குறைகிறது. "சார், இந்த வால்வு எனக்குச் சரியாகப் படவில்லை" என்று கூட்டத்தில் எழுந்து சொல்வது பெரியவரின் பொறுப்பில் தலையிடுவதுபோல் ஆகிவிடுகிறது. நம் ஊர் ஐடி ஆபீஸ்களில் இருந்தவர்களுக்கு இது தெரியும். வாராந்திர அறிக்கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடவேண்டும். டெலிவரிக்கு முந்தின வாரம் வரை பச்சை. "முடிச்சிடலாம் சார்" என்பார்கள். திடீரென்று ஒரு திங்கட்கிழமை நேராகச் சிவப்பு. மஞ்சள் என்ற நிறமே அங்கே பயன்படுவதில்லை. பொய் சொல்லவேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. மஞ்சள் போட்டால் மேலே இருப்பவர் தன் மேலே இருப்பவரிடம் தலைகுனியவேண்டி வரும், அதை நாம் செய்யக்கூடாது என்ற மரியாதைதான் காரணம்.

சரி, ஜப்பானுக்கு வருவோம். அங்கேயும் பழியை மூத்தவர்தான் ஏற்கிறார், ஆனால் வேறு மாதிரி. டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைத்த முதல் ஷின்கான்சென் அதிவேக ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவர் ஷின்ஜி சோகோவும் தலைமைப் பொறியாளர் ஹிதேயோ சிமாவும் அதை உருவாக்கியவர்கள். செலவு மதிப்பீட்டைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. முதல் மதிப்பீட்டையே சோகோ வேண்டுமென்று குறைத்துக் காட்டினார் என்பது ஊரறிந்த விஷயம், உண்மைத் தொகையைச் சொல்லியிருந்தால் திட்டமே கிளம்பியிருக்காது. 1963இல் இருவரும் பதவியை விட்டுப் போனார்கள். 1964 அக்டோபர் 1 அன்று ரயில் ஓடத் தொடங்கியபோது திறப்பு விழாவுக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. உலகமே பார்த்துப் பொறாமைப்பட்ட ரயிலின் முதல் ஓட்டத்தை சிமா வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார்.

தவன் பொறுப்பேற்று நாற்காலியிலேயே இருந்தார், 1984 வரை. சோகோ பொறுப்பேற்று வெளியேறினார். இரண்டுமே பொறுப்பேற்றல்தான். நான் யார் பக்கம் என்றால் தவன் பக்கம். இருந்ததால்தான் 1980 வந்தது.

இதை வைத்து ஜப்பான்காரர்கள் ஒவ்வொரு தவறுக்கும் மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டே போகிறவர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். அதை உடைத்தவரும் ஜப்பான்காரரே. 2003இல் இடோகாவா என்ற சிறுகோளுக்கு ஹயாபுசா என்ற கலத்தை அனுப்பினார்கள். திட்ட மேலாளர் ஜுனிச்சிரோ கவாகுச்சி, கழிக்காமல் கூட்டிக்கொண்டே போகும் ஒரு மதிப்பெண் பட்டியலை வைத்திருந்தார். மின்னூட்டத் துகள்களைப் பீய்ச்சி ஓடும் அயன் எஞ்சின் ஓடினாலே 50. ஆயிரம் மணி நேரம் ஓடினால் 100. பூமியின் ஈர்ப்பால் திசை திரும்பினால் 150. தானாக வழி பார்த்துச் சிறுகோளை அடைந்தால் 200. அதை ஆராய்ந்தால் 250. தொட்டு மண் எடுக்க முயன்றால் 275. மண் வைக்கும் பெட்டகம் பூமிக்கு வந்து கைக்குக் கிடைத்தால் 400. உள்ளே மண் இருந்தால் 500. நூற்றுக்கு ஐந்நூறா என்று சிரிக்கலாம். ஆனால் அந்தக் கலத்துக்கு நடந்தது என்ன? எரிபொருள் கசிந்தது, வாரக்கணக்கில் தொடர்பு அறுந்தது, எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன, திரும்புவது மூன்று ஆண்டு தள்ளிப்போனது. கழிக்கும் கணக்கில் 2005லேயே பூஜ்யத்துக்கு வந்திருக்கும். கூட்டும் கணக்கில், ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று சேர்ந்துகொண்டிருந்தது. 2010 ஜூன் 13 அன்று கலம் ஆஸ்திரேலிய வானில் எரிந்துபோக, பெட்டகம் மட்டும் உமேராவில் இறங்கியது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத சுமார் 1,500 துகள்கள். ஜப்பான் மக்கள் அந்தக் கலத்தைக் கொண்டாடித் தீர்த்தார்கள், மூன்று திரைப்படங்கள் வந்தன.

கவாகுச்சியின் பட்டியலுக்கும் சிவனின் 98க்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இரண்டுமே நடந்த நல்லதைக் கூட்டிச் சொல்பவைதான். ஆனால் கவாகுச்சியின் அட்டவணை முன்கூட்டியே எழுதிவைத்தது. 98 பிறகு வந்தது. குனினாகாவின் 60கூட ஏற்கெனவே இருந்த ஏணியில் நின்று சொன்னது. ஜாக்ஸா தன் திட்டங்களுக்குக் குறைந்தபட்ச வெற்றி, முழு வெற்றி, கூடுதல் வெற்றி என்று படிகளை முன்பே எழுதிவைக்கும். குறித்த இடத்துக்கு 100 மீட்டருக்குள் இறங்குவது ஸ்லிம்மின் முதன்மை இலக்கு. உண்மையில் அது சுமார் 55 மீட்டர் தள்ளித்தான் இறங்கியது. 50 மீட்டர் உயரத்தில் இரண்டு எஞ்சின்களில் ஒன்று செத்துப்போனதால் வந்த விலகல் அது. அதற்கு முன்பு வரை விலகல் 10 மீட்டருக்கும் உள்ளே. மூக்குக் குத்தி நின்றாலும் பிறகு விழித்து, நிலவின் கடுங்குளிர் இரவுகளைத் தாண்டி ஏப்ரல் வரை பேசியது. அந்த முதல் ராத்திரியில் இதெல்லாம் உறுதியாகாததால் 60 என்றார், அவ்வளவுதான்.

2023 பிப்ரவரி 17 அன்று தானேகாஷிமா தீவில் நடந்தது இன்னும் சுவாரசியம். புதிய எச்3 ராக்கெட்டின் முதல் பயணம். எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டது, பிரதான எஞ்சின் பற்றிக்கொண்டது, பக்கத்து பூஸ்டர்கள் பற்றவில்லை. கோளாறைக் கண்ட கணினி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. ராக்கெட் பத்திரமாக மேடையிலேயே நின்றது. திட்ட மேலாளர் மசாஷி ஒகாடா கண்ணீரோடு, இது பயணம் நிறுத்தப்பட்டதே தவிர தோல்வி அல்ல என்று விளக்கினார். ஒரு செய்தி நிறுவன நிருபர் விடாமல் கேட்டுவிட்டு, கடைசியில் "பொதுவாக அதைத் தோல்வி என்றுதான் சொல்வார்கள்" என்று முடித்துக்கொண்டார். கறாரான ஜப்பான் மக்கள் நிருபர் பக்கம் நின்றிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இணையத்தில் அவரை வறுத்து எடுத்துவிட்டார்கள். அழுதுகொண்டிருக்கும் மனிதரிடம் இப்படியா பேசுவது என்று. பாசம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. அடுத்த மாதம் 7ஆம் தேதி, அதே ராக்கெட் மேலே போய், இரண்டாம் கட்டம் பற்றாமல், விலையுயர்ந்த செயற்கைக்கோளோடு அழிக்கப்பட்டது. அன்று என்ன பெயர் வைப்பது என்று யாரும் சண்டை போடவில்லை.

ஜப்பானிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது வேறொன்று. 1999 நவம்பரில் எச்-2 ராக்கெட் ஒன்று தோற்றபோது, அதன் எஞ்சின் பசிபிக்கின் அடியில் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. தேடிக் கண்டுபிடித்து சுமார் இரண்டு மாதத்தில் மேலே எடுத்துவந்தார்கள். எது உடைந்தது என்று பார்த்த பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போடவில்லை. ககுடா விண்வெளி மையத்தில் எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறார்கள். நாம் ஜெயித்த ராக்கெட்டின் மாதிரியைத்தான் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம்.

அமெரிக்காவைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டைத்தான் இழுப்பார்கள். 2023 ஏப்ரல் 20, டெக்சாஸ். கிளம்பி நான்கு நிமிடத்தில் ராக்கெட் வெடித்துச் சிதறியது, ஸ்பேஸ்எக்ஸ் ஊழியர்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். இதுதான் அமெரிக்க மனப்பான்மை, தோற்றுக் கற்கிறார்கள் என்று நம்மூர் மேலாண்மைப் பேச்சாளர்கள் சிலாகித்தார்கள். இந்த ரசிகர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஏவுதளத்தின் கான்கிரீட் பிய்ந்து பறந்தது, சில கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊரில் புழுதி மழை பெய்தது, அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை 63 திருத்தங்களைச் செய்யவைத்தது. கைதட்டியது ஊழியர்கள், புழுதி விழுந்தது ஊர்க்காரர்கள் மேல். தன் பணத்தில், ஆளில்லாமல், இன்னொன்றை ஏற்கெனவே கட்டிக்கொண்டு தோற்பவர்களால்தான் கைதட்ட முடியும்.

அதே நாட்டில், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நாசாவால் அப்படிச் சிரிக்க முடியாது. 1986இல் சேலஞ்சர், 2003இல் கொலம்பியா என்று இரண்டு விண்வெளி ஓடங்கள் ஆட்களோடு அழிந்தன. கொலம்பியா விபத்தை விசாரித்த குழு, எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்து வந்த நுரைத்துண்டுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு நாசாவின் அலுவலகக் கலாச்சாரத்துக்கும் உண்டு என்று எழுதியது. எச்சரித்த பொறியாளர்களின் குரல் மேலே போய்ச் சேரவில்லை. மேலே இருப்பவரை எதிர்த்துப் பேசத் தயங்குவது ஆசியர்களின் குணம் என்று பாடம் எடுப்பவர்கள் இந்த அறிக்கையை ஒருமுறை படிக்கவேண்டும். மூடநம்பிக்கை என்று வந்தாலும் அப்படித்தான். நாம் திருப்பதியில் ராக்கெட் மாதிரியை வைத்து வணங்குகிறோம், பிஎஸ்எல்வி ராக்கெட் வரிசையில் சி12க்கு அடுத்து 13ஐத் தாண்டி சி14 விட்டோம். அவர்களும் 1964இல் ஆறு தோல்விக்குப் பிறகு நிலவுக்கு அனுப்பிய ரேஞ்சர்-7 ஜெயித்தபோது கட்டுப்பாட்டு அறையில் யாரோ வேர்க்கடலை கொறித்தார்கள் என்பதற்காக, இன்றுவரை முக்கியமான நாளில் வேர்க்கடலை வைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்லிம் கவிழ்ந்து ஐந்து வாரத்துக்குள், 2024 பிப்ரவரி 22 அன்று, அமெரிக்கத் தனியார் லேண்டர் ஒடிசியஸ் நிலவில் இறங்கி, அதுவும் சாய்ந்து படுத்தது. நாசா அதை வெற்றி என்றது. அனுப்பிய நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. ஒரே கலம், ஒரே கோணம், இரண்டு தீர்ப்பு. நாசா கொடுத்தது சுமார் 118 மில்லியன் டாலருக்கான சரக்குக் கட்டணம். கருவிகள் போய்ச் சேர்ந்தன, தரவு வந்தது, போதும். பங்கு வாங்கியவருக்கு நிமிர்ந்து நிற்கும் படம் வேண்டியிருந்தது.

சோவியத் முறை தனி ரகம். 1959 ஜனவரியில் லூனா-1 நிலவில் மோதவேண்டியது. சுமார் 6,000 கிலோமீட்டர் தள்ளிப் போய், சூரியனைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. உடனே அதை மனிதன் படைத்த முதல் கோள் என்று அறிவித்துவிட்டார்கள். அதுவும் உண்மைதான்! பிற்பாடு பூமியின் சுற்றுப்பாதையை விட்டுக் கிளம்ப முடியாத, வேறு கோள்களுக்கான கலங்களுக்கெல்லாம் காஸ்மாஸ் என்று ஒரு பொதுப் பெயரும் எண்ணும் கொடுத்துவிடுவார்கள். எங்கே போகக் கிளம்பியது என்றே சொல்லாவிட்டால் போய்ச் சேரவில்லை என்று யார் சொல்ல முடியும்? நிலவுக்கு மனிதரை அனுப்பக் கட்டிய என்1 ராக்கெட் 1969 முதல் 1972 வரை நான்கு முறையும் தோற்றது. சொந்த மக்களுக்கு அது தெரியவந்தது 1980களின் இறுதியில்.

இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கினால் ஹாஃப்ஸ்டெட் என்ற பெயரில் தடுக்கி விழுவீர்கள். 1960களின் இறுதியில் ஐபிஎம் ஊழியர்களிடம் நாடு நாடாகக் கருத்துக் கேட்டு, ஒவ்வொரு நாட்டின் குணத்துக்கும் எண் போட்டவர். நிச்சயமின்மையைச் சகிக்காத குணத்தில் ஜப்பானுக்கு 92, அமெரிக்காவுக்கு 46, இந்தியாவுக்கு 40. பேச்சைத் தொடங்க உதவும், அதற்கு மேல் நம்பாதீர்கள். 92 என்பது ஷின்கான்சென் ராஜினாமாக்களுக்குப் பொருந்தும், ஹயாபுசாவுக்குப் பொருந்தாது.

கலாச்சாரம் ஒரு நாட்டுக்கு ஒன்று என்று இருப்பதும் இல்லை, மாறாமல் இருப்பதும் இல்லை. இஸ்ரோவிலேயே பாருங்கள். 2021 ஆகஸ்ட் 12 அன்று ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட் தோற்றது. சில மாதங்களில் காரணத்தை இணையதளத்திலேயே போட்டார்கள்: திரவ ஹைட்ரஜன் தொட்டியின் வால்வு ஒன்றில் கசிவு, அதனால் தொட்டியில் போதிய அழுத்தம் ஏறவில்லை, எஞ்சின் பற்றவில்லை. படித்தால் பள்ளி மாணவருக்கும் புரியும். 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61 மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்து, செயற்கைக்கோளோடு போனது. தலைவர் நாராயணன் அன்றே முன்னால் வந்து சொல்லிவிட்டார். விசாரணைக் குழுவும் அமைத்தார்கள். ஆனால் எஃப்10க்குப் போட்டதுபோல ஓர் அறிக்கையை இதற்குப் பொதுவெளியில் போடவில்லை. ஒரே நிறுவனம், ஒரே ஊர், நான்கே ஆண்டு இடைவெளி. முதல் முறை சொன்னதால் இஸ்ரோவின் மேல் இருந்த மதிப்பு யாருக்கும் குறையவும் இல்லை.